வலப்பக்கம் சாயும் தட்டுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் அபிப்பிராயங்களுள் மிகவும் ஆழமாக வேரூன்றியது, அண்டர்ஸ்டேபிள் தட்டுகள் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மட்டுமே உரியவை, கை தேறியவுடன் அவற்றைப் பையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பதாகும். இந்த அபிப்பிராயத்தை நம்பிக் கைக்கு இணங்கி வந்த நல்ல தட்டுகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, கைக்கு அடங்காத தட்டுகளோடு வருஷக்கணக்கில் போராடுகிறவர்கள் பலர் இருப்பதனால், இதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன். ஆராயப் புகுந்தால், இதனோடு பின்னிக் கிடக்கும் வேறு சில நம்பிக்கைகளையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள்ளும் ஃபேர்வே டிரைவர் என்னும் நடுத்தர வேகத் தட்டுகளைப் பற்றியவற்றையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில் எறியப்படும் தட்டு, மேலிருந்து பார்ப்பவருக்குக் கடிகார முள் செல்லும் திசையில் சுழன்றுகொண்டே செல்கிறது. வேகம் மிகுந்திருக்கும் முதற்பகுதியில் அது வலப்பக்கம் சாய்வதை டர்ன் என்றும், வேகம் தணிந்தபின் இடப்பக்கம் வளைந்து விழுவதை ஃபேட் என்றும் ஆட்டக்காரர்கள் சொல்லுவார்கள். இடக்கைக்காரருக்கும், வலக்கையாலேயே ஃபோர்ஹேண்ட் எறிகிறவருக்கும் இவை இரண்டும் திசை மாறும். டர்ன் மிகுந்து ஃபேட் குறைந்த தட்டே அண்டர்ஸ்டேபிள் தட்டு. இனோவா நிறுவனம் தன் தட்டுகளுக்கு வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட் என்னும் வரிசையில் நான்கு எண்களை அளிக்கிறது. அதன்படி லெப்பர்ட் என்னும் தட்டு 6, 5, -2, 1 என்றும், சைட்வைண்டர் 9, 5, -3, 1 என்றும், ரோட்ரன்னர் 9, 5, -4, 1 என்றும் குறிக்கப்படுகின்றன. ஸ்வீடன் தேசத்து லேடிட்யூட் 64 நிறுவனத்தின் டயமண்ட் 8, 6, -3, 1. கடையில் தட்டு வாங்க நிற்பவர் இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, -4 என்பது -2 என்பதைக் காட்டிலும் வலப்பக்கம் அதிகமாகத் திரும்பும் என்ற முடிவுக்கு வருகிறார். இரண்டாவது நம்பிக்கை அங்கே பிறக்கிறது.

இந்த நம்பிக்கையின் குறையை அறியவேண்டுமானால், தட்டு எதனால் சாய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று தட்டைத் தூக்கும் விசை சரியாகத் தட்டின் மையத்தில் விழுவதில்லை. வேகம் மிகுந்து, தட்டு காற்றை ஏறக்குறையத் தட்டையாகச் சந்திக்கும்போது அது மையத்துக்குப் பின்னே விழுந்து, மூக்கை, அதாவது முன் விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. வேகம் தணிந்து தட்டு இறங்கத் தொடங்குகையில் மையத்துக்கு முன்னே விழுந்து, மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. ஆனால் சுழல்கின்ற பொருளை ஒரு பக்கம் தள்ளினால், அது தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கான பக்கம் சாயும் என்பது, சுழலும் பம்பரத்தை விரலால் தட்டிப் பார்த்த எவரும் அறிந்த விஷயம். ஆகவே மூக்கு தாழவேண்டிய தட்டு வலப்பக்கம் சரிகிறது. மூக்கு உயரவேண்டிய தட்டு இடப்பக்கம் சரிகிறது. சுழற்சி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மெதுவாக இவ்விரு சாய்வுகளும் நிகழும்.

இதிலிருந்து பெறப்படுவது என்னவென்றால், டர்ன் என்பது தட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்ட ஒரு குணமன்று, எறிபவருடைய கைவேகத்துக்கும் தட்டின் வடிவத்துக்கும் இடையே உண்டாகும் சம்பந்தம் என்பதே. ரோட்ரன்னரின் -4 என்னும் எண், 9 என்னும் வேகத்துக்குரிய கையைப் பெற்றவருக்காகச் சொல்லப்பட்டது. அந்த வேகத்தை எட்டாத கையிலிருந்து புறப்படும் ரோட்ரன்னர் நேராகச் சென்று, முடிவில் மெல்ல இடப்பக்கம் விழுந்துவிடலாம். அதே கையிலிருந்து புறப்படும் லெப்பர்ட், தனக்கு வேண்டிய வேகம் குறைவாதலால், வலப்பக்கம் தெளிவாகத் திரும்பக்கூடும். வேகமான கையுள்ளவரோ இவ்விரண்டையும் முழு பலத்தோடு மட்டமாக எறிவாராயின், இரண்டுமே வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் மோதும். ஒரு தட்டைப் பற்றி இருவர் நேர்மாறான அபிப்பிராயம் சொல்லுவதும், இருவரும் உண்மையையே சொல்லுவதும் இதனால்தான்.

இந்த எண்களைப் பற்றி இன்னுமொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் தலைமைச் சங்கமாக 1976-ல் தோன்றிய பி.டி.ஜி.ஏ. ஒரு தட்டின் விட்டம், எடை, விளிம்பின் அகலம், அதன் கூர்மை முதலியவற்றை அளந்து ஆட்டத்துக்கு ஏற்றது என்று அங்கீகரிக்கிறதேயன்றி, அது எப்படிப் பறக்கும் என்று சான்று கூறுவதில்லை. பறக்கும் எண்கள் அந்தந்த உற்பத்தியாளர் தாமே இட்டுக்கொள்பவை. எனவே ஒரு நிறுவனத்தின் -3 மற்றொரு நிறுவனத்தின் -3 ஆகும் என்பதற்கு நிச்சயம் ஏதுமில்லை. ஒரே நிறுவனத்தின் தட்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்கு இவ்வெண்கள் உதவும்; அதற்கு மேல் அவற்றினிடம் எதிர்பார்க்கலாகாது.

வேக எண் பெரிதானால் தூரமும் பெரிதாகும் என்ற நம்பிக்கைக்கு அதிக விவாதம் தேவையில்லை. அந்த எண், தட்டு தன் முறைப்படி பறப்பதற்கு எவ்வளவு வேகத்தை வேண்டி நிற்கிறது என்பதைச் சொல்லுகிறது. தட்டு எறிபவருக்குக் கொடுக்கும் வேகத்தை அன்று. 60, 70 மீட்டர் தூரம் எறியக்கூடிய ஒருவர், பெரும் ஆட்டக்காரர்கள் கையாள்வதைக் கண்டு, 12 என்னும் வேகம் குறித்த டெஸ்ட்ராயர் தட்டை வாங்கி எறிந்தால், அது டர்ன் என்பதைச் சிறிதும் காட்டாமல் இடப்பக்கம் விழும். அன்றியும், வேகம் மிகுந்த தட்டுகளின் விளிம்பு அகலமானது. சிறிய கையுடையவர்களின் விரல்கள் அதை உறுதியாகப் பற்ற முடியாமல் சுழற்சியையும் இழக்கின்றன. அத்தகையவர் டெஸ்ட்ராயரை வைத்துவிட்டு லெப்பர்டை எறிந்தால், பெரும்பாலும் அது முன்னதைக் காட்டிலும் தொலைவில் போய் விழுவதைக் காண்பார்.

நான் மிகவும் கவலையோடு குறிப்பிட விரும்புவது வேறொரு நம்பிக்கை. எறிவதெல்லாம் இடப்பக்கமே விழுகிறது என்று வருந்துகிறவர், தமக்கு இன்னும் அதிகமாக அண்டர்ஸ்டேபிள் ஆன தட்டு வேண்டும் என்று முடிவு செய்து, லெப்பர்டிலிருந்து சைட்வைண்டருக்கும், சைட்வைண்டரிலிருந்து ரோட்ரன்னருக்கும் போகிறார். பணம் செலவாகிறது; குறை தீர்வதில்லை. ஏனென்றால் குறை பெரும்பாலும் தட்டில் இல்லை, கையை விடும் தருணத்தில் தட்டின் மூக்கு உயர்ந்திருப்பதில் இருக்கிறது. மூக்கு உயர்ந்த தட்டு காற்றில் செங்குத்தாக ஏறி, வேகத்தை அங்கேயே தொலைத்துவிட்டு, எந்த வகைத் தட்டானாலும் இடப்பக்கம் சரிந்து விழும். இதற்கு மறுபக்கமும் உண்டு. கை விடும்போது தட்டு தன் தளத்தில் சீராகச் சுழலாமல் ஆட்டம் கண்டு புறப்பட்டால், நல்ல உறுதியான தட்டுங்கூட வலப்பக்கம் கவிழும். அதைக் கண்டவர் தட்டு கெட்டுவிட்டது என்று எண்ணி டர்ன் குறைந்து ஃபேட் மிகுந்த ஓவர்ஸ்டேபிள் தட்டைத் தேடி ஓடுகிறார். முன்னவரையும் பின்னவரையும் ஒரு திறந்த வெளியில் நிறுத்தி, பாதி பலத்தோடு, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, ஆட்டமின்றி எறியச் சொல்ல வேண்டும். எந்தத் தட்டு வேண்டும் என்ற கேள்வியை அதன் பிறகே எழுப்பலாம். அண்டர்ஸ்டேபிள் தட்டின் பெரிய உபகாரம், எறிபவரின் பிழையை மறைக்காமல் உடனே காட்டிவிடுவதுதான். ஓவர்ஸ்டேபிள் தட்டோ எப்படி எறிந்தாலும் இடப்பக்கமே போய்ப் பிழையைப் பிழையாகவே வளரவிடும்.

இப்போது முதலில் எடுத்துக்கொண்ட அபிப்பிராயத்துக்கு வருவோம். கென்டக்கி மாகாணத்தில் பர்லிங்டன் என்னும் ஊரிலுள்ள ஐடில்வைல்ட் மைதானம், பெரும்பாலும் மரங்களுக்கிடையே அமைந்தது. அத்தகைய மைதானத்தில் மேலே கிளைகள் கவிந்திருக்க, இருபுறமும் அடிமரங்கள் நெருங்கி நிற்க, நடுவே குறுகிய பாதை நீண்டு செல்லும். ஓவர்ஸ்டேபிள் தட்டை எறிந்தால் அதை உயரத்தில் ஏற்றவேண்டும், ஏற்றுவதற்கு இடமில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் அவ்விடத்தில் ஓர் அண்டர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவரை எடுத்து, அதன் இடப்பக்க விளிம்பு தாழ்ந்திருக்குமாறு சரித்துப் பிடித்து, முழு வேகத்தோடு, தோள் உயரத்துக்கு மேற்படாமல் எறிகிறார். கையை விட்ட தட்டு முதலில் இடப்பக்க மரங்களை நோக்கிப் போவதுபோல் தோன்றுகிறது. பிறகு அதன் தாழ்ந்த விளிம்பு சிறிது சிறிதாக எழுகிறது. பாதையின் மூன்றிலொரு பங்கைக் கடப்பதற்குள் தட்டு தரைக்குச் சமமாக நிமிர்ந்து, அந்த நிலையிலேயே அடிமரங்களுக்கு நடுவே மிதந்து சென்று, வேகம் ஓய்ந்தபோது மிகச் சிறிதே இடப்பக்கம் ஒதுங்கித் தரையில் தவழ்ந்து நிற்கிறது. ஹைசர் ஃபிளிப் என்று பெயர்பெற்ற இந்த எறிதலுக்கு வேகமும் வேண்டும், சாய்வைக் கணிக்கும் சாமர்த்தியமும் வேண்டும். இவை இரண்டும் கைவந்தவருக்கே அண்டர்ஸ்டேபிள் தட்டு தன் முழு குணத்தையும் வெளிப்படுத்துகிறது. வலப்பக்கம் வளையும் பாதையில் நீண்ட வளைவாக எறிவதற்கும், விளிம்பின்மேல் இறக்கித் தரையில் உருட்டிவிடுவதற்கும் இதே தட்டுதான் பயன்படுகிறது. இத்தனை பிரயோகங்களுள்ள ஒன்றை ஆரம்பப் பாடத்தோடு கட்டிவைத்துவிடுவது நியாயமன்று.

காற்றைப் பற்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: காற்று அடிக்கும் நாளில் அண்டர்ஸ்டேபிள் தட்டைத் தொடவே கூடாது என்பது. இது பாதி உண்மை. எதிர்காற்றில், தட்டு சந்திக்கும் காற்றின் வேகம் எறிந்த வேகத்தோடு கூடிவிடுவதால், டர்ன் மிகுந்து தட்டு கவிழ்கிறது. கான்சாஸ் மாகாணத்துப் புல்வெளிப் பிரதேசத்தில் எம்போரியா நகரத்தின் திறந்த மைதானங்களில் ஆடுகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் காற்று முதுகுப்புறம் வரும்போது கணக்கு தலைகீழாகிறது. தட்டு சந்திக்கும் காற்று குறைவதனால் தூக்குவிசை குறைந்து, ஓவர்ஸ்டேபிள் தட்டுகள் பாதி வழியிலேயே அமுங்கி விழ, மிதப்பு மிகுந்த அண்டர்ஸ்டேபிள் தட்டோ நேராக நெடுந்தூரம் செல்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்த உயர்ந்த இடங்களிலும், அதாவது கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் மேலே உள்ள டென்வர் போன்ற நகரங்களிலும், எல்லாத் தட்டுகளும் டர்னை ஓரளவு இழப்பதால், அண்டர்ஸ்டேபிள் தட்டின் தேவை மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை.

ஒரே பெயருள்ள தட்டுகள் ஒரே விதமாகப் பறக்கும் என்பதும் பிரமையே. இரண்டு லெப்பர்டுகளை அருகருகே கையில் எடுத்து, விளிம்பின் வெளிப்புறத்தில் அச்சின் மேற்பாகமும் கீழ்ப்பாகமும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால், ஒன்றில் அது சற்று உயர்ந்தும் மற்றொன்றில் சற்றுத் தாழ்ந்தும் இருப்பதை உணரலாம். கோடு உயர்ந்த தட்டு உறுதியாகப் பறக்கும். தாழ்ந்தது எளிதில் வலப்பக்கம் திரும்பும். பிளாஸ்டிக்கின் தரமும் இவ்வாறே. இனோவாவின் டி.எக்ஸ். என்னும் விலை குறைந்த வகை கைக்கு நன்றாகப் பிடிபடும். ஆனால் மரங்களில் மோதி அதன் விளிம்பில் வெட்டுகளும் சுருக்கங்களும் விழ விழ, சில மாதங்களிலேயே மேலும் மேலும் அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும். சாம்பியன், ஸ்டார் என்னும் உயர்ந்த வகைகள் விலை அதிகம். தம் குணத்தை நெடுங்காலம் காப்பாற்றுகின்றன. எடையைப் பற்றி ஒரு வார்த்தை: விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமே உச்சவரம்பு. ஆகவே 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு 174 கிராமைச் சிறிதே தாண்டலாம். அதே தட்டு 150 கிராமில் கிடைத்தால், அது மெதுவான கைக்கும் எளிதில் வேகம் கொள்ளும், எளிதில் திரும்பும். டயமண்ட் இலகுவான எடைகளுக்கென்றே வகுக்கப்பட்டதன் காரணமும் அதுவே.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்க முற்படுகிறவருக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 90 மீட்டரை எட்டாதவர் 9 என்னும் வேகத்தை விட்டு, 6 அல்லது 7-க்குள் நிற்பது நலம். லெப்பர்டும், அதன் தட்டையான தம்பியான லெப்பர்ட்3-ம் இந்த இடத்துக்கு மிகப் பொருந்தியவை. கையின் பலமே குறைவென்று அறிந்தவர், வேக எண் 8 ஆனாலும் எடை இலகுவான டயமண்டை நாடலாம். 90 மீட்டரைக் கடந்தவர், மட்டமாக எறிந்து கவிழாத வேகத்தில் சைட்வைண்டரையும், சரித்து எறியும் அப்பியாசம் கைகூடிய பிறகு ரோட்ரன்னரையும் எடுத்துக்கொள்ளட்டும். ஃபோர்ஹேண்டையே பெரிதும் நம்புகிறவர், அந்த எறிதலில் தட்டு ஆட்டம் காணுவது அதிகமாதலால், டர்ன் -1 என்ற அளவோடு தொடங்குவது உசிதம். ஐந்து வெவ்வேறு பெயர்களை வாங்குவதைக் காட்டிலும் ஒரே பெயரில் இரண்டு தட்டுகளை வாங்குவதையே நான் விரும்புகிறேன்: ஒன்று டி.எக்ஸ்., மற்றொன்று ஸ்டார். தினமும் டி.எக்ஸ். தட்டை மட்டுமே எறிந்து அதை மரங்களோடு பழகவிட்டால், ஒரு பருவம் முடிவதற்குள் அது நன்றாகத் தேய்ந்து வலப்பக்கம் தாராளமாகத் திரும்பும் தட்டாகிவிடும். நேராகச் செல்லவேண்டிய பாதைக்கு, இன்னும் புதிதாகவே இருக்கும் ஸ்டார் தட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.