கணனியோடு கூட எழும்புவன எவை?

சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் எமது கரையோரத்திலே பல சங்க அலுவலகங்களில் இன்று ஒரு மேசைக் கணனி உண்டு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, சிக்கன கடனுதவிச் சங்கத்தின் தவணைப் பதிவு, பாலர் பாடசாலையின் பெயர்ப்பட்டியல் யாவும் அதற்குள் இருக்கின்றன. அநேகமாக அது வேறெங்கோ பாவித்து முடித்து அன்பளிப்பாக வந்த கணனியாக இருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டால் வேலைக்குத் தயாராக நெடுநேரம் எடுக்கும். தவணைப் பணத்தோடு வந்த பெண்கள் வாசலில் காத்து நிற்பார்கள். “இது பழுதாகிவிட்டது, புதியது வாங்குவோம்” என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழும்.

புதுக் கணனிக்குக் கொடுக்கும் பணம், சில குடும்பங்களுக்கு வலை வாங்கவோ தோட்டம் செய்யவோ கடனாகக் கொடுக்கக்கூடிய பணமாகும். ஆதலால் அத்தீர்மானத்தை எடுக்க முன்னர் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். கணனி எழும்பும்போது அதனோடு கூட எழும்புவன எவை? அவற்றை அழைத்தவர் யார்?

எழும்பும் ஒழுங்கு

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அவ்வேளை நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று எந்திரங்களும் நின்றுபோயின. நாட்டுக்கு மின்சாரம் அன்றே திரும்பியபோதிலும், நிலக்கரி எந்திரங்களை முழு அளவில் ஓடவைக்க நாட்கள் எடுத்தன. அதனால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு ஏற்பட்டது. பெரிய எந்திரம் ஒன்றிலே ஒன்றன்பின் ஒன்றாக எழும்ப வேண்டிய பகுதிகள் பல உண்டு. கணனியும் அவ்வாறானதே.

சுவிட்சைப் போட்டதும் முதலில், தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று விசைப்பலகை, நினைவகம், வட்டு என்பன சரியாக உள்ளனவா எனப் பார்க்கின்றது. அடுத்து விண்டோஸ் போன்ற இயங்குதளம் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறுகின்றது. மூன்றாவதாக, “தொடங்கும்போதே என்னையும் எழுப்பு” என்று முன்னரே பெயர் பதிந்து வைத்த நிரல்கள் எழும்புகின்றன. தாமதம் பெரும்பாலும் இந்த மூன்றாம் கட்டத்திலேதான். பழைய சுழல்வட்டு ஒரே ஓர் இறங்குதுறை போன்றது. பத்து வள்ளங்கள் ஒரே நேரத்தில் கரைக்கு வந்தால் எல்லாமே பிந்தும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. டொஸ் காலத்தில், கணனி தொடங்கும்போது செய்ய வேண்டியவற்றை ‘ஓட்டோஎக்ஸெக்’ என்ற கோப்பிலே வரிவரியாக எழுதி வைத்தார்கள். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ‘ஸ்டார்ட்அப்’ என்ற தனித் தொகுதி இருந்தது. இன்று நாம் நிறுவும் பல நிரல்கள், எம்மிடம் தெளிவாகக் கேட்காமலே தம் பெயரை அப்பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. சிக்கலின் வேர் இதுவே.

பாடம் 1: பார்த்து நிறுத்துதல்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கான முறை இது.

1. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துக. ‘டாஸ்க் மனேஜர்’ திறக்கும்.
2. அதிலே ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குச் செல்க.
3. அங்குள்ள பெயர்களைக் கொப்பியிலே மூன்று நிரையாக எழுதுக: நாள்தோறும் தேவையானவை, வேண்டியபோது திறந்தால் போதுமானவை, எமக்குத் தெரியாதவை.
4. இரண்டாம் நிரையில் உள்ள ஒன்றின்மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி ‘டிசேபிள்’ என்பதைத் தெரிவு செய்க.
5. கணனியை மீண்டும் தொடக்கிப் பார்க்க. குறையில்லையெனில் அடுத்ததை நிறுத்துக.

இவ்வாறு நிறுத்துவதால் நிரல் அழிந்துபோவதில்லை. அது கணனியில் இருக்கும். நாம் அழைக்கும்போது மட்டும் வரும். பாடல் கேட்கும் நிரல், பேசும் நிரல், விளையாட்டு நிரல் ஆகியன காலையிலேயே எழும்பத் தேவையில்லை. வைரஸ் தடுப்பு நிரலையும், ஒலி, சுட்டி போன்ற கருவிகளுக்கு உரியவற்றையும் நிறுத்த வேண்டாம். மூன்றாம் நிரையில் உள்ளவற்றை உடனே கைவைக்காமல், விடயம் தெரிந்த ஒருவரிடம் பெயரைக் காட்டிக் கேட்க வேண்டும்.

பாடம் 2: நாமே சேர்த்தல்

வேண்டாதவற்றை நிறுத்தினால் போதாது. எமக்கு வேண்டியது தானாக எழும்ப வேண்டும். தமிழில் தட்டச்சுச் செய்ய உதவும் ‘இ-கலப்பை’ போன்ற நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் விசைப்பலகையில் தமிழ் வரும். அது எழும்பாத நாளில், புதிதாகப் பொறுப்பேற்ற பிள்ளை உறுப்பினர் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்துவிடும். பின்னர் அதே பெயர் இரண்டு விதமாகக் கிடந்து கணக்கைக் குழப்பும்.

சேர்க்கும் முறை எளிது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துக. வரும் சிறு பெட்டியில் ஷெல் என்ற சொல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்ற சொல் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தட்டி ‘என்டர்’ விசையை அழுத்துக. ஒரு கோப்புறை திறக்கும். தவணைப் பதிவுக் கோப்புக்கோ தமிழ் நிரலுக்கோ ஒரு குறுக்குவழி உருவாக்கி, அதனை இக்கோப்புறையில் இடுக. மறுநாள் கணனி எழும்பும்போது அதுவும் தானாகத் திறக்கும். மூலக் கோப்பையே இங்கு நகர்த்தி வைக்கக்கூடாது. குறுக்குவழி என்பது கதவிலக்கம் போன்றது. வீட்டையே தூக்கிவந்து வைக்கத் தேவையில்லை.

கடற்றொழிலாளர் சங்கங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் இணையப் பக்கத்துக்கும் ஒரு குறுக்குவழி இடலாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது எமது மாவட்டம் வெள்ளத்தால் பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே. கடல்சார் முன்னறிவிப்பு நாள்தோறும் கண்முன்னே திறந்தால், செயலாளர் அதனை அறிவித்தல் பலகையில் எழுதி வைக்கலாம். ஆயினும் காலையில் திறந்த பக்கம் காலைச் செய்தியையே காட்டும். மாலையில் அதனைப் புதுப்பித்தே பார்க்க வேண்டும். இரவிலே கடலுக்குப் போகிறவருக்கு வானொலியும் கைத்தொலைபேசியும் இன்றியமையாதவை.

இன்னுமொன்று. மின்வெட்டுக்குப் பின் நாம் சேர்த்த நிரல்கள் மீண்டும் திறக்கும். சேமிக்காமல் விட்ட பதிவுகள் அவ்வாறே திரும்பி வருமென எண்ணியிருக்க முடியாது. ஐந்து பேரின் தவணையைப் பதிந்ததும் ஒருமுறை சேமிக்கும் பழக்கத்தைக் கணனி எமக்காகச் செய்யாது.

பாடம் 3: அழையாமல் வருபவை

தானாகத் தொடங்கும் வசதியைத் திருடரும் பயன்படுத்துவர். 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ என்ற வைரஸ், காதல் கடிதம் போன்ற மின்னஞ்சலாக உலகெங்கும் பரவியது. அதனைத் திறந்த கணனியிலே, ஒவ்வொரு முறையும் தானே எழும்பும்படி அது தன் பெயரைத் தொடக்கப் பதிவில் எழுதிக்கொண்டது. கணனியை நிறுத்தித் தொடக்கினாலும் அது போகவில்லை. 2008இல் பரவத் தொடங்கிய ‘கொன்பிக்கர்’, பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ளது தானாக ஓடும் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனம் பென் டிரைவுகளுக்கு அந்த வசதியை நிறுத்தியது. 2011இல் பழைய விண்டோஸ்களுக்கும் அந்தத் திருத்தத்தை அனுப்பியது.

பொதுக் கணனிக்கு இவ்வாபத்து அதிகம். 2000களின் நடுப்பகுதியில் இலங்கை எங்கும் தொடங்கப்பட்ட ‘நெனசல’ நிலையங்கள் வழிபாட்டிடங்களிலும் நூலகங்களிலும் கூட அமைந்தன. 2014இல் அத்திட்டத்துக்கு கேட்ஸ் நிதியம் 10 இலட்சம் அமெரிக்க டொலர் விருது வழங்கியது. வீட்டில் கணனி இல்லாதவருக்கும் கணனி எட்டியது அதன் பெரும்பயன். பலர் கைபடும் கணனியில் பல பென் டிரைவுகளும் ஏறும். எனவே மாதம் ஒருமுறை தொடக்கப் பட்டியலைக் கொப்பியோடு ஒப்பிட வேண்டும். கொப்பியில் இல்லாத புதிய பெயர் தென்பட்டால், அதனைச் சேர்த்தவர் யார் என விசாரிக்க வேண்டும். நிரல்கள் மறைந்திருக்கும் வேறு இடங்களும் உள்ளதால், இதைச் செய்வதோடு வைரஸ் தடுப்பு நிரலாலும் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணனியில் ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். அதிலும் தொடக்க நிரல்களைத் தெரிவு செய்யும் பட்டியல் உண்டு. பெயர்கள் மாறினாலும் பாடம் ஒன்றே.

சுருங்கச் சொன்னால், ஒரு பொதுக் கணனியின் காலைப் பட்டியலை அதனைப் பாவிப்பவர்களே தீர்மானிக்க வேண்டும். அவர்கள் தீர்மானிக்காவிடில், அவர்களை அறியாத யாரோ தீர்மானிப்பர். பட்டியலைச் சீர்செய்த பின்னும் கணனி தாமதித்தால், அப்பொழுது புதியது வாங்குவது பற்றிப் பேசலாம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. சுவிட்சைப் போட்டதிலிருந்து தவணைப் பதிவு திறக்கும் வரை எத்தனை நிமிடம் என மணிக்கூட்டைப் பார்த்துக் குறிக்க. பாடம் 1ஐச் செய்தபின் மீண்டும் குறிக்க.
2. எமது சங்கக் கணனியில் நாள்தோறும் தானாகத் திறக்க வேண்டியவை எவை? மூன்றை மட்டும் தெரிவு செய்க.
3. தொடக்கப் பட்டியலை மாற்றும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? அவர் இல்லாத நாளில் இதைச் செய்யத் தெரிந்த இன்னொருவர் உண்டா?