இருதயத்தின் சிறு தாமதம்

திரு இருதயப் படத்தின் முன் நாளாந்தம் செபிக்கும் நம்மில், நமது நெஞ்சுக்குள் இருக்கும் இருதயம் எவ்விதம் ஒழுங்காகத் துடிக்கின்றது என அறிந்தவர் சிலரே.

வலது மேலறையின் சுவரில் ஒரு சிறிய கணு உண்டு. ஓய்வாக இருக்கையில், நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அதில் மின்கணத்தாக்கம் எழுகின்றது. மூளையின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. நரம்புகள் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்யும். 1907இல் இதனை அறிவித்த ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்போர் முதலில் கண்டது ஓர் அகழெலியின் இருதயத்தில்!

மின்னலை பரவ, மேலறைகள் சுருங்குகின்றன. அதே கணத்தில் கீழறைகளும் சுருங்கினால்? இரத்தம் நிறையுமுன்னரே வாசல் அடைபட்டுவிடும். ஆகவே நடுவிலுள்ள மற்றொரு கணுவில் அலை ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு தாமதிக்கின்றது. பின்னரே நார்களினூடாக விரைந்து கீழறைகளைச் சுருக்குகின்றது. இக்கணுவை 1906இல் விவரித்தவர், ஜேர்மனியில் ஆய்வு செய்த சுனாவோ தவாரா என்ற யப்பானியர்.

இவ்வழி முற்றாகத் தடைப்பட்டால் நாடி 40க்கும் குறையலாம், மயக்கம் வரும். "வயதுதானே" என்று வீட்டார் விட்டுவிடுவது பெருந்தவறு. உடன் வைத்தியரிடம் காட்டுங்கள். துடிப்பைத் தூண்டும் கருவி பொருத்துவது கடவுள் சித்தத்துக்கு மாறானதா எனச் சிலர் கேட்பதுண்டு. மூக்குக்கண்ணாடி அணிவது மாறானதா? 1958இல் சுவீடனில் இக்கருவியை முதன்முதல் உடலினுள் ஏற்ற ஆர்னே லார்சனுக்கு, அது சில மணி நேரமே இயங்கியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி, 2001இல் தமது 86ஆவது வயதிலேயே அவர் காலமானார்.