பொருந்தினால் மட்டும் போதுமா? மோட்டார்சைக்கிள் உதிரிபாகங்களில் ஒளிந்திருக்கும் இயற்பியல்

மாணவர்களே, 16 வயதில் பி2 உரிமம் எடுத்து, வீட்டிலிருக்கும் பழைய காப்சாய் மோட்டார்சைக்கிளைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். புதிய பாகங்களின் விலை அதிகம். அதனால் வேறு மாடலிலிருந்து கழற்றிய பாகங்களைப் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கிப் பொருத்துவது வழக்கம். “போல்ட் துளை ஒத்துப்போகிறது, மாட்டிவிடலாம்” என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு பாகம் பொருந்துவது வேறு, மற்ற பாகங்களோடு சேர்ந்து சரியாக வேலை செய்வது வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தேவையானவை ஓர் அளவுகோலும் பள்ளியில் படித்த சூத்திரங்களும்தான்.

1. சங்கிலியும் பற்சக்கரமும்

சங்கிலியின் மீது 420, 428, 520 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம், அடுத்தடுத்த இரண்டு ஊசிகளுக்கு இடையிலான தூரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகக் காட்டுகிறது. 4 என்றால் 4/8 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கடைசி இரண்டு இலக்கங்கள் சங்கிலியின் உள் அகலத்தைக் குறிக்கின்றன.

420, 428 இரண்டுக்கும் ஊசித் தூரம் ஒன்றே. ஆகவே 428 சங்கிலி 420 பற்சக்கரத்தில் ஏறிவிடும். ஆனால் அகலம் கூடுதலாக இருப்பதால் பக்கவாட்டில் ஆடி, பற்களைத் தேய்க்கும். மாறாக, 420 சங்கிலி 428 பற்சக்கரத்தில் உட்காரவே உட்காராது.

பற்களின் எண்ணிக்கையும் முக்கியம். முன்னால் 14 பற்கள், பின்னால் 35 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 35 ÷ 14 = 2.5. முன் பற்சக்கரத்தை 15 பற்களாக மாற்றினால் விகிதம் 2.33 ஆகிறது. இயந்திரம் அதே வேகத்தில் சுழலும்போது வண்டி சுமார் 7 விழுக்காடு வேகமாக ஓடும். ஆனால் பின் சக்கரத்துக்குக் கிடைக்கும் திருப்புவிசை ஏறக்குறைய அதே அளவு குறையும். மேட்டில் ஏறும்போது இது தெரியும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும். ஆற்றல் அழியாமை விதி இங்கும் செல்லும்.

2. டயரும் வேகமானியும்

டயரில் 70/90-17 என்று எழுதியிருந்தால் அகலம் 70 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு (63 மி.மீ.), ரிம்மின் விட்டம் 17 அங்குலம் (431.8 மி.மீ.) என்று பொருள்.

மொத்த விட்டம் = 431.8 + 63 + 63 = 557.8 மி.மீ.

அதற்குப் பதிலாக 80/90-17 டயரை மாட்டினால் விட்டம் 575.8 மி.மீ. ஆகும். பல காப்சாய்களில் வேகமானி முன் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் 3.2 விழுக்காடு அதிகத் தூரம் உருளும் என்பது வேகமானிக்குத் தெரியாது. வேகமானி முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இப்போது அது 90 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 93 கிலோமீட்டராக இருக்கும்.

3. பிரேக்: இங்கேதான் உயிர் இருக்கிறது

ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியின் முன் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளது. வேறு மாடலின் ஃபோர்க், டிஸ்க், கேலிப்பர், கைப்பிடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றைச் சேர்த்து டிஸ்க் பிரேக்காக மாற்றுவது இளைஞர்களிடையே பரவலாக நடக்கும் வேலை. ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு மாடலிலிருந்து எடுக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

டிஸ்க் பிரேக் பாஸ்கல் கோட்பாட்டில் இயங்குகிறது. மூடிய திரவத்தில் ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். ஆகவே,

கேலிப்பர் விசை = மாஸ்டர் சிலிண்டர் விசை × (கேலிப்பர் பிஸ்டன் பரப்பு ÷ மாஸ்டர் பிஸ்டன் பரப்பு)

கேலிப்பர் பிஸ்டனின் விட்டம் 33 மி.மீ. என்க. பரப்பு சுமார் 855 ச.மி.மீ. மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் 11 மி.மீ. என்றால் பரப்பு 95 ச.மி.மீ. விசை 9 மடங்காகப் பெருகும். மாஸ்டர் பிஸ்டனை 200 நியூட்டன் விசையால் தள்ளினால் கேலிப்பரில் 1,800 நியூட்டன் கிடைக்கும்.

இப்போது பெரிய வண்டியின் 14 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவோம். பரப்பு 154 ச.மி.மீ. அதே 200 நியூட்டனுக்குக் கிடைப்பது 1,110 நியூட்டன்தான். பாகம் பெரிதானது, பிரேக் பலவீனமானது!

ஏமாற்றம் தரும் இடம் இதுதான். பெரிய பிஸ்டன் சிறிது நகர்ந்தாலே போதிய எண்ணெயைத் தள்ளிவிடும். அதனால் பிரேக் பிடி கொஞ்ச தூரமே நகர்ந்து, கெட்டியாக இருக்கும். கெட்டியான பிடியைப் பலமான பிரேக் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள்.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். முன் பிரேக்கை மட்டும் பிடித்து, வேக இறக்கம் 6 மீ/வி² என்றால், நிற்கும் தூரம் v² ÷ 2a = 23 மீட்டர். கை அதே அளவு அழுத்தி, விசை மேற்சொன்னபடி குறைந்தால் வேக இறக்கம் 3.7 மீ/வி². நிற்கும் தூரம் 37.5 மீட்டர். வித்தியாசம் 14 மீட்டருக்கும் மேல். பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு அந்த 14 மீட்டர் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

4. போல்ட்டின் மரை

பிரேக் எண்ணெய்க் குழாயை இணைக்கும் போல்ட் 10 மி.மீ. விட்டத்திலேயே இரண்டு வகையாக வருகிறது. ஒன்றில் மரைகளுக்கு இடையிலான தூரம் 1.25 மி.மீ., மற்றொன்றில் 1.0 மி.மீ. தவறான போல்ட்டும் ஓரிரண்டு சுற்று உள்ளே போகும். பிறகு இறுகும். ஸ்பேனரால் வலிந்து திருகினால் மரை அழிந்து, எண்ணெய் கசியும். கையால் சுலபமாகத் திருக முடியாத போல்ட்டை ஒருபோதும் வலிந்து திருகாதீர்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

• சங்கிலி எண், டயர் அளவு, மாஸ்டர் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• பிரேக் பாகங்களை ஒரே மாடலிலிருந்து முழுத் தொகுதியாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி மீண்டும் மாற்றுவதைவிடச் செலவும் குறையும்.
• பிரேக் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டியின் கட்டமைப்பை மாற்றும் வேலைகளுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) விதிகளை முதலில் கேட்டறியுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மாஸ்டர் பிஸ்டன் 11 மி.மீ. அப்படியே இருக்கிறது. 33 மி.மீ. பிஸ்டன் ஒன்று கொண்ட கேலிப்பருக்குப் பதிலாக, ஒரே பக்கத்தில் 25 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டு கொண்ட கேலிப்பரைப் பொருத்துகிறோம். விசை எத்தனை மடங்காகும்? பிரேக் பிடி நகரும் தூரம் என்னவாகும்?

விடை: விட்டங்களின் வர்க்கத்தை ஒப்பிட்டாலே போதும். (25² + 25²) ÷ 11² = 10.3 மடங்கு. விசை சுமார் 15 விழுக்காடு கூடுகிறது. பிடி நகரும் தூரமும் அதே விகிதத்தில் கூடும். அது கைப்பிடியைத் தொட்டுவிடாமல் இருக்கிறதா என்று வண்டி நிற்கும்போதே சோதித்துப் பார்க்க வேண்டும்.