தோட்டத்து வீடு வாங்குமுன் பாதையைக் கேளுங்கள்

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் தோட்டத்தோடு தனி வீடு தேடி வருவோர் முதலில் மண்ணையும் மலைக்காற்றையும்தான் பார்ப்பார்கள். பின்னாளில் வம்பு பெரும்பாலும் பாதையிலும் கிணற்றிலும் மின் இணைப்பிலும்தான் வரும்.

காரணம் எளிது. தாத்தாவின் நிலம் பாகம் பிரியும்போது தோட்டம் நான்காகும். கிணறு ஒன்றுதான் இருக்கும். அண்ணன் நிலத்தின் வழியே தம்பி டிராக்டர் போகும், தண்ணீரை முறைவைத்து இறைத்துக்கொள்வார்கள். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அதில் ஒரு பங்கை நீங்கள் வாங்கினால், உறவுக்காக விட்ட வழியை உங்களுக்கும் விட வேண்டும் என்று அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

இதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கிப் பாருங்கள். உங்கள் கார் வந்த வழி அதில் வண்டிப்பாதையாக இல்லையென்றால், நீங்கள் வந்தது பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலமாக இருக்கலாம். மாட்டுத்தொழுவமும் மோட்டார் ரூமும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தானா, ஓடைப் புறம்போக்கில் நிற்கின்றனவா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். இலவச விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதிலிருந்து வீட்டுக்கு வயர் இழுத்திருந்தால் அபராதம் விழும். வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். முல்லைப் பெரியாற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் அனுமதி ஆணையைக் கேளுங்கள். மார்கழியில் நிறைந்த கிணற்றை நம்பாமல் சித்திரை, வைகாசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டாது. மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி பார்த்து, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல்) எடுங்கள். வாய்வழிக் குத்தகையும் பாகம் பெறாத வாரிசுகளின் விவரமும் அதில் தெரியாது. விற்பவர் குடும்பத்து மகள்களின் கையெழுத்தைத் தவறவிடாதீர்கள். பஞ்சமி, பூமிதான, கோயில் நிலமா என்பதை வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் சரிபாருங்கள். மலையடிவாரத் தோட்டமானால் வன எல்லையையும் கேட்டறியுங்கள். இந்தப் பக்கத்து மலைகளில் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டிருக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகு முன்பணம் கொடுங்கள். கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லையோடு நிறுத்தாமல், கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, மோட்டார், குழாய், எத்தனை அடி அகலப் பாதை யார் நிலத்தின் வழியே என எழுதச் சொல்லுங்கள். பாதை இன்னொருவர் நிலத்தில் போனால், விற்பவர் எழுதினால் மட்டும் போதாது; அந்த நிலக்காரரிடம் தனியாகப் பாதை உரிமைப் பத்திரம் பதிந்து வாங்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தையும் கணக்கில் வையுங்கள்.

‘பத்திரம் முடியட்டும், பாதையை அப்புறம் பேசிக்கலாம்’, ‘வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க’ என்ற அவசரத்துக்கு இணங்காதீர்கள். கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்ததை நம்பியும் விலை பேசாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி, வழி அடைபட்டிருந்தால் பதற வேண்டாம். ஒரே சொத்தாக இருந்து பிரிந்த நிலத்துக்கு வேறு வழியே இல்லையென்றால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவசிய வழி கேட்கலாம். இரவோடு இரவாக வேலியைப் பிரித்தால் உங்கள் மீதே வழக்கு வரும். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பக்கத்துக்காரரிடம் நிதானமாகப் பேசிப் பாருங்கள்.