கண்ணை மூடிக் கேளுங்கள்: ஹை-ஃபை வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடியோ ஷோரூமில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குளிரூட்டிய அறை, அமுங்கும் சோபா. முதலில் 40,000 ரூபாய்ப் பெட்டி பாடும், அடுத்து ஒன்றேகால் லட்ச ரூபாய்ப் பெட்டி. "வித்தியாசம் தெரியுதா சார்?" என்பார் விற்பனையாளர். தெரியாமல் எப்படிப் போகும்? விலைச் சீட்டைத்தான் பார்த்துவிட்டோமே.

இது பாமரருக்கு மட்டும் வரும் மயக்கமில்லை. 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, சின்ன மலிவு ஸ்பீக்கரின் மதிப்பெண் இறங்கியது. கேட்டவர்கள் அந்த நிறுவனத்து ஊழியர்களே.

கேள்வியைத் தீர்மானியுங்கள்

"வித்தியாசம் இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "எது பிடித்திருக்கிறது?" என்பது வேறு. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்றால் வித்தியாசம் சும்மாவே கேட்கும். நேராக இரண்டாவது கேள்விக்குப் போகலாம். ஆம்ப்ளிஃபையர், டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலி அலையாக மாற்றித்தரும் பெட்டி), கேபிள் என்றால் முதல் கேள்வியைத் தாண்டாமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

முதல் கேள்விக்கான முறைக்கு ஏபிஎக்ஸ் என்று பெயர். 'ஏ' ஒரு கருவி, 'பி' இன்னொன்று. 'எக்ஸ்' இரண்டில் ஒன்று, ஆனால் எது என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு, எக்ஸ் எதுவென்று நீங்கள் சொல்லவேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் 1950-இலேயே இந்த முறையை எழுதிவைத்துவிட்டார்கள்.

கணினியில் பழகுங்கள்

ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஏபிஎக்ஸ் இணைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். ஒரு பாட்டின் தரம் குறையாத ஃபிளாக் கோப்பையும், அதிலிருந்தே நீங்கள் செய்த 320 கேபிபிஎஸ் எம்பி3-யையும் கொடுங்கள். உதவிக்கு ஆள் வேண்டாம், அதுவே குலுக்கிப்போட்டு மதிப்பெண்ணும் சொல்லும். எனக்கு 16-க்கு 9 வந்தது. அன்றோடு எம்பி3-யைப் பற்றிக் கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

இதில் சறுக்கினால் மற்றதெல்லாம் வீண். சற்றே கூடுதல் சத்தம் நம் காதுக்குச் 'சத்தம் கூடிவிட்டது' என்று படாது. 'தெளிவு', 'ஆழம்', 'திரை விலகியது' என்றுதான் படும். ஒரு டாக் 2 வோல்ட்டும் இன்னொன்று 2.2 வோல்ட்டும் கொடுத்தால் வித்தியாசம் 0.8 டெசிபல். அந்த ஒன்றே போதும், இரண்டாவதை நீங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவீர்கள்.

ஆகவே காதை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளவில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் பாடவிடுங்கள். ஏ 2.00 வோல்ட் காட்டினால் பி 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்கவேண்டும். அதாவது 0.1 டெசிபலுக்குள். கூடுதலாக இருப்பதன் வால்யூமைக் குறையுங்கள். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டாக்குகளையும் ஒரே ஆம்பின் இரண்டு இன்புட்டில் சொருகிவிட்டால் ரிமோட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பாட்டு ஒரே மூலத்திலிருந்து போகட்டும். ஒன்று அரை நொடி பின்தங்கினாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடுவது சிக்கல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்துவிட்டால் புகைதான். ஒயர் இரண்டையும் முழுதாகத் துண்டித்து மாற்றும் சுவிட்ச் பெட்டி இல்லாமல் அதில் இறங்கவேண்டாம்.

உதவியாளரை ஒளித்துவையுங்கள்

வீட்டில் யாராவது ரிமோட்டைப் பிடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் எக்ஸ் என்பது ஏ, பூ விழுந்தால் பி என்று அவரே குறித்துக்கொள்ளவேண்டும். அவர் முகம் உங்களுக்குத் தெரியக்கூடாது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே நம்பியது. கேள்வி கேட்டவரின் உடம்பு அறியாமல் காட்டிய சிறு அசைவைத்தான் அது படித்தது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். உங்கள் மனைவியின் புருவம் அதைவிட அதிகம் பேசும். சோபாவுக்குப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். ஏ-யிலிருந்து ஏ-க்கே போனாலும் பட்டன் சத்தம் ஒரேமாதிரி கேட்கவேண்டும்.

துண்டு துண்டாகக் கேளுங்கள்

ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளே தங்கும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவதில் பயனில்லை. 10, 15 நொடித் துண்டு போதும். மிருதங்கத்தின் தொப்பி அதிர்வு, தம்பூரா மீட்டல், நன்கு பழகிய ஒரு குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காது களைத்தால் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

எண்ணுங்கள்

மூன்றுக்கு மூன்று சரியாகச் சொன்னால் துள்ளாதீர்கள். குருட்டாம்போக்கிலும் எட்டில் ஒருமுறை அப்படி வரும். 16 சுற்று வையுங்கள். 12 அல்லது அதற்குமேல் சரியென்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 100-இல் 4-க்கும் குறைவு. எத்தனை சுற்று என்பதை முன்னதாகவே முடிவுசெய்யுங்கள். ஜெயிக்கும் இடத்தில் நிறுத்துவது ஏமாற்றுவேலை.

12 வரவில்லையென்றால் வித்தியாசமே கிடையாது என்று அர்த்தமில்லை. உங்கள் காதுக்கு, அந்த அறையில், அன்றைக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஆனால் காசு கொடுப்பது அந்தக் காதுக்குத்தானே? பாஸ்டனைச் சேர்ந்த மேயர், மோரன் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், சிடியைவிட உயர்தரம் எனப்படும் எஸ்ஏசிடி வட்டின் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் ஒப்பிட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும்.

ஸ்பீக்கர் என்றால்

மெல்லிய துணித்திரை கட்டி, இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வைத்துக் கேட்டு மதிப்பெண் போடுங்கள். இடம் ஒரு முழம் நகர்ந்தாலே அடித்தொனி மாறிவிடும். சிரமம்தான், ஆனாலும் உங்கள் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகவேண்டும்.

இதையெல்லாம் ஷோரூமில் செய்ய விடமாட்டார்கள், வீட்டில்தான் சோதிக்கவேண்டும். ஆகவே பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை, பில் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.