துணிவூட்டும் தோழமை

நுழையும்முன்

தளர்ந்தவரைத் தாங்குவது நட்பு. தாங்கப்பட்டவர் தாமே எழுந்து நிற்கும் நாளுக்காகக் காத்திருப்பதும் நட்பே. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் இரு தோழியரைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் காணலாம்.

பாடம்

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்தது. ஐந்து பாகங்களைக் கொண்ட இப்புதினத்தில் சுந்தர சோழரின் மகள் குந்தவை, பழையாறை அரண்மனையில் வாழ்கிறார். கொடும்பாளூர் இளவரசி வானதி அவருடைய அன்புத் தோழி. வானதியின் தந்தை ஈழப்போரில் உயிர்நீத்தவர். அவளுக்குக் குந்தவையே தமக்கையாகவும் தாயாகவும் விளங்குகிறார்.

வானதி மென்மையான உள்ளம் படைத்தவள்; எளிதில் மயங்கி விழுபவள். இளவரசர் அருள்மொழிவர்மர் ஈழத்திற்குப் புறப்படும் வேளையில், அவள் ஏந்தி நின்ற தீபத்தட்டு கைநழுவி விழுகிறது. அவளும் மயங்கிச் சாய்கிறாள். இந்நிகழ்ச்சிக்குப் பின் குந்தவை அவளை வெறுத்து ஒதுக்கவில்லை. முன்னினும் பரிவோடு அருகில் வைத்துப் பேணுகிறார்.

ஆயினும் அப்பரிவு வெறும் அரவணைப்பாக நின்றுவிடவில்லை. அச்சம் நீங்கினாலன்றித் தோழியின் வாழ்வு மலராது என்பதைக் குந்தவை உணர்ந்திருந்தார். அரிசிலாற்றங்கரையில் பஞ்சு அடைத்த முதலையை வைத்தது வானதியின் அச்சத்தைப் போக்குவதற்காகவே. அதனை உயிருள்ள முதலை எனக் கருதிய வந்தியத்தேவன் வேலெறிந்து நகைப்புக்கு உள்ளாகிறான்.

இம்முயற்சிகளின் பயன் பின்னர்ப் புலப்படுகிறது. அருள்மொழிவர்மர் இருக்குமிடத்தைக் கூறுமாறு முதன்மந்திரி அநிருத்தர் அச்சுறுத்திக் கேட்டபோது, வானதி வாய் திறக்கவில்லை. குந்தவை ஊட்டிய துணிவே அவளுக்குத் துணைநின்றது. அரியணை ஆசையால் இளவரசரை விரும்புகிறாள் என்ற பழி எழுந்தபோது, சோழ அரியணையில் ஒருநாளும் அமர்வதில்லை எனச் சூளுரைக்கும் அளவிற்கு அவள் உறுதி பெறுகிறாள்.

பேணும் பண்பு புதினத்துக் குந்தவைக்கு மட்டும் உரியதன்று. வரலாற்றில் வாழ்ந்த குந்தவையும் தம் தந்தையின் பெயரால் தஞ்சையில் ஆதுலசாலை அமைத்ததைக் கல்வெட்டு உரைக்கிறது.

பிறரைப் பேணுவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. எப்போதும் தம்மையே சார்ந்திருக்கச் செய்வது அன்பாகத் தோன்றினும், அது மற்றவரின் வளர்ச்சியைத் தடுக்கும். தம் உதவி தேவைப்படாத நாளைக் கண்டு மகிழ்வதே சிறந்த தோழமை.

சொற்பொருள்

பரிவு – இரக்கம் கலந்த அன்பு
சூளுரைத்தல் – உறுதிமொழி கூறுதல்
ஆதுலசாலை – மருத்துவமனை

பயிற்சி

1. தீபத்தட்டு விழுந்த பின் குந்தவை வானதியை எவ்வாறு நடத்தினார்?

2. வானதி துணிவு பெற்றதைக் காட்டும் இரு நிகழ்ச்சிகளை எழுதுக.

3. அச்சமுடைய தோழியை முதலையைக் காட்டிச் சோதித்தது முறையா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

4. பிரித்து எழுதுக: தீபத்தட்டு, முதலையை, அப்பரிவு.

5. செயல்பாடு: வேற்று மாநிலத்திலிருந்து ஹெப்பகோடிக்கு வந்து உம் வகுப்பில் சேர்ந்த மாணவர் ஒருவர், கன்னடமும் தமிழும் அறியாமல் தனித்திருக்கிறார். அவர் தாமே பிறருடன் பழகுவதற்கு நீர் செய்யும் உதவியைப் பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக.