பனிக்காலத் தும்மலும் முருகன் விரதமும்: மூக்கைக் காக்கும் பழைய வழிகள்

ஓம் சரவணபவ. 

ஐப்பசியில் கந்த சஷ்டி, கார்த்திகையில் தீபம், மார்கழியில் விடியல் பூஜை, தையில் பூசம். நம் அப்பனுக்கு உகந்த நாட்கள் பலவும் மழையும் பனியும் சேர்ந்த காலத்திலேதான் வருது. விடியற்காலையில் தலைக்குக் குளியல், ஈரவேட்டி, சாம்பிராணிப் புகை. மற்றவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. ஒவ்வாமை மூக்கு உள்ளவங்களுக்குத்தான் சோதனை. எழுந்ததும் அடுக்கடுக்கா தும்மல், தண்ணியா ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. "இந்த வருஷம் விரதத்தை விட்டுடலாமா?" என்று கேட்கும் அளவுக்குப் போயிடுது. விட வேண்டாம். ஆனா பனி இறங்கின பிறகு வைத்தியம் தேடினா பலன் குறைவு. புரட்டாசியிலேயே மூக்கைத் தயார் பண்ணணும்.

மூக்கு நோய் இன்று வந்த நோய் இல்லை. "இருமலு ரோகம்" எனத் தொடங்கும் திருத்தணித் திருப்புகழில் அருணகிரிநாதர் நோய்களை அடுக்கிக்கொண்டே போகிறார் அல்லவா? அதில் நாசி நோயும் இருக்கு, ஈளையும் இருக்கு. அடுத்த முறை பாராயணம் செய்யும்போது கவனிச்சுப் பாருங்க.

சித்த மருத்துவத்தில் இதைப் பீனிசம் என்பார்கள், ஆயுர்வேதத்தில் பிரதிச்யாயம். கபம் மிஞ்சுவதால் வருவது என்பது அவர்கள் கணக்கு. இன்றைய டாக்டரைக் கேட்டால் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, சுவர் ஈரத்தில் வளரும் பூஞ்சை, பார்த்தீனியம், சீமைக்கருவேலம் இவற்றின் மகரந்தம் என்று காரணம் சொல்வார். ஜன்னலைச் சாத்தி, ஒரு வருஷமா பெட்டியில் கிடந்த கம்பளியை எடுத்து உதறாமல் போர்த்திக்கொண்டு, "பனி ஒத்துக்கலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கம்பளியை முதலில் வெயிலில் போடுங்க. தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்க. பாதித் தும்மல் படுக்கையிலிருந்துதான் வருது என்பது அடியேன் கண்டது.

இனி நசியம். மூக்கில் தைலத் துளி விடுவதுதான் நசியம். தேரையர் தம் நோயணுகா விதியில் ஒன்றரை மாசத்துக்கு ஒரு முறை நசியம் செய்யச் சொல்கிறார். சரக சம்ஹிதை, ஆண்டில் மூன்று பருவங்களில், மேகம் கலைந்த நாட்களில் அணு தைலம் விடச் சொல்கிறது. அந்த மூன்றில் ஒன்று சரத் ருது, நம்ம புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வருவது. அதாவது சஷ்டிக்கு முன்னாடி. பெரியவர்கள் இதை வருமுன் காக்கும் வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்வது சிறிய அளவுதான். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சற்றே சூடாக்கிய அணு தைலமோ நல்லெண்ணெயோ, காலையில் வெறும் வயிற்றில், தலையை லேசாகச் சாய்த்து, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு. தொண்டைக்கு வந்தால் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. ஆழமாக உறிஞ்சவும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு வியாதியில் கொண்டுபோய் விடும். காய்ச்சல், புதுச் சளி, சாப்பிட்ட உடனே, குளித்த உடனே, இந்த வேளைகளில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வீட்டு வைத்தியமாக விடவே வேண்டாம். பெரிய அளவில் செய்யும் நசியம் வைத்தியர் கையால் செய்துகொள்ள வேண்டியது.

தும்மல் ஏற்கனவே ஆரம்பிச்சுட்டா தைலத்தை விட உப்புநீர் நல்லது. ஜலநேதி என்று யோகிகள் செய்வது. கொதிக்க வைத்து ஆற்றிய, வெதுவெதுப்பான தண்ணீர் கால் லிட்டர், அயோடின் சேராத தூள் உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவா. ஒரு நாசியில் விட்டால் மறு நாசி வழியா வடியும், ஒட்டியிருக்கும் தூசியும் மகரந்தமும் அதோடு போயிடும். இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. தண்ணீர் கட்டாயம் கொதித்திருக்கணும். 2024-ல் கேரளத்தில் பிள்ளைகள் சிலரை அமீபா மூளைத் தொற்று பலி கொண்டது. குளத்துத் தண்ணியில் இருக்கும் அந்தக் கிருமி மூக்கு வழியாத்தான் மூளைக்குப் போகுது. திருக்குளத்தில் நீராடும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகுங்க, நேதிக்கு அந்தத் தண்ணியை எடுக்காதீங்க.

குளியல் பற்றிப் பலரும் கேட்பது, சஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணியில்தான் குளிக்கணுமா என்று. வெந்நீரில் குளித்தால் விரதம் கெடாது. முடியை நன்றாகத் துவட்டி உலர்த்துவதுதான் முக்கியம். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் குளித்து வந்ததும் உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி ஒரு சிட்டிகை தேய்ப்பார்கள். பொடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கணும்.

அடுத்தது சொன்னால் சிலருக்கு வருத்தமா இருக்கலாம். பூஜை அறைப் புகை. சின்ன அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் சாம்பிராணியும் நாலு ஊதுபத்தியும் ஏற்றினால், எந்த வாசனை சேர்த்திருந்தாலும் புகை புகைதான். நெய் தீபம் ஒன்று போதும், முருகன் கோபிக்க மாட்டான். திருநீறு பூசும்போது வாசனைப் பொடி கலக்காததைச் சின்னச் சிட்டிகையா எடுத்து, ஒரு கணம் மூச்சை நிறுத்திப் பூசுங்க.

விரதச் சாப்பாட்டில் இரவு குளிர்ந்த பாலும் வாழைப்பழமும் கபக்காரர்களுக்கு ஆகாது என்பது வைத்தியர்கள் சொல்வது. பாலைக் காய்ச்சி, மிளகும் மஞ்சளும் சேர்த்துக் குடிக்கலாம். ஒருவேளைச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தூதுவளை ரசம் இருக்கவே இருக்கு. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மிளகு விரதம் இருக்கிறார்களே, அது பக்திக்கு. தும்மலுக்கு மருந்து என்று எண்ணி அதில் இறங்க வேண்டாம். மூக்கடைப்புக்கு நொச்சியிலை போட்டு ஆவி பிடிப்பது இதமா இருக்கும். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தை மடியில் வைத்துப் போர்வை மூடாதீங்க, வெந்து போன பிள்ளைகள் உண்டு.

பாதயாத்திரை அடியார்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் வண்டிப் புழுதி, விடியற்காலையில் பனி. மாலை போட்டாச்சு, இனி இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. ஒவ்வாமை மூக்கு உள்ள பலருக்கு ஆஸ்துமாவும் கூடவே இருக்கும். அது பாதி வழியில் நெஞ்சை இறுக்கினால் சுற்றிலும் காடுதான் இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரே சில நாள் தொடர்ந்து அடித்தால்தான் முழுப் பலன் தரும், அதனால் மாலை போடும் நாளிலிருந்தே தவறாமல் அடிங்க. கடையில் நாமே வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வேறு ரகம், நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பைத் திரும்பக் கொண்டுவரும். மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ சீழோ வருவது, இவற்றுக்குத் தைலமும் கஷாயமும் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இடுப்புப் பையில் திருநீற்றுப் பையோடு இன்ஹேலரும் இருக்கட்டும். மூக்கை மூட ஒரு பருத்தித் துண்டு, பிளாஸ்கில் சுக்கு வெந்நீர். குழுத் தலைவரிடம் "எனக்கு வீசிங் உண்டு, மருந்து இந்தப் பையில்" என்று புறப்படும்போதே சொல்லிடுங்க.

வேலும் மயிலும் துணை.